வீட்டோடு சேர்ந்த கார் ஷெட்: தூண்குழி முதல் உள்கதவு வரை

வீட்டின் பக்கவாட்டில் கொஞ்சம் காலியிடம் இருக்கிறது. அங்கே காருக்கு ஒரு ஷெட் போட வேண்டும், மழையில் நனையாமல் அதிலிருந்து நேரே வீட்டுக்குள் போகவும் வேண்டும். இந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்று புதியவர்களுக்காக எழுதுகிறேன். கொத்தனாரும் வெல்டரும் எலக்ட்ரீஷியனும்தான் செய்யப்போகிறார்கள். ஆனாலும் எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே விடாப்பிடியாக நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒழுகுவதும் விரிசல் விடுவதும் ஷெட் வீட்டைத் தொடும் இடத்தில்தான். அதனால் அந்த இடங்களைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1. அளவும் அனுமதியும்

மாருதி ஸ்விஃப்ட் 3.86 மீட்டர் நீளம், இன்னோவா கிரிஸ்டா 4.735 மீட்டர். அகலம் இரண்டுக்கும் அதிகபட்சம் சுமார் ஆறு அடிதான், ஆனால் பக்கக் கண்ணாடிகள் அந்தக் கணக்கில் வராது. கதவை முழுசாகத் திறந்து வயதானவர்கள் சிரமமில்லாமல் இறங்க, பக்கத்துக்கு இரண்டரை அடி வேண்டும். ஆகவே 11 அடி அகலம், 18 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு, காரை உள்ளே நிறுத்தி, நாலு கதவையும் டிக்கியையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

நீங்கள் ஷெட் போட நினைக்கும் இடம், சட்டப்படி காலியாக விட வேண்டிய பக்கவாட்டு இடமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் இதற்கு 2019-ம் ஆண்டு கட்டட விதிகள் இருக்கின்றன. உங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் குழி தோண்ட வேண்டும்.

2. தூண்கள்

சுவரில் ஆங்கிள் (L வடிவ இரும்பு) அடித்து ஒரு பக்கத்தை வீட்டிலேயே தாங்கவிடலாம், மூன்று தூண் மிச்சம் என்று வெல்டர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். பக்கம் திறந்த ஷெட்டுக்குள் காற்று புகுந்தால் கூரையை மேலே தூக்கும், அந்த இழுவை முழுக்க செங்கல் சுவரில் அடித்த போல்ட்டுகளுக்குப் போகும். 2016-ல் வர்தா புயலையும் 2018-ல் கஜா புயலையும் பார்த்த ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுப் பக்கம் மூன்று, வெளிப்பக்கம் மூன்று என்று ஆறு தூண் போட்டு, ஷெட் தன் காலிலேயே நிற்கட்டும்.

குழி இரண்டுக்கு இரண்டு அடி, ஆழம் இரண்டரை அடி. வீட்டுப் பக்கத்துக் குழிகளைச் சுவரிலிருந்து தள்ளியே எடுங்கள். வீட்டு அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. கான்கிரீட் போடும்போதே தூணுக்கு நாலு ஆங்கர் போல்ட்டைப் பதித்து, மேலே தூணின் அடித்தகட்டை (பேஸ் பிளேட்) வைத்து நட்டு முடுக்க வேண்டும்.

3. தரை

ஷெட் தரை, வீட்டுத் தரையைவிடக் குறைந்தது ஆறு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். மழைத்தண்ணீர் ஒரு காரணம். இன்னொன்று, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் பரவும். நடுவில் ஒரு படி இருந்தால் அது சுலபமாக வீட்டுக்குள் வராது. சாலையிலிருந்து ஏறும் சரிவுக்கு, ஒரு அடி உயரத்துக்கு எட்டு அடி நீளமாவது கொடுங்கள், அதுவும் உங்கள் கேட்டுக்கு உள்ளேயே.

மேல்மண்ணை எடுத்துவிட்டு கிராவல் கொட்டி, ஆறு ஆறு அங்குலமாகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்குங்கள். அதன் மேல் கம்பி வலை விரித்து ஐந்து அங்குலக் கான்கிரீட், கலவை 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி). வாட்டம் 18 அடிக்கு இரண்டரை அங்குலம், வாசல் பக்கமாக. பாத்தி கட்டிக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் நிறுத்துங்கள். காரை ஏற்ற 28 நாள் பொறுப்பது நல்லது.

புதுத் தரை வீட்டுச் சுவரில் ஒட்டவே கூடாது. வீடு எப்போதோ இறங்கி அமர்ந்துவிட்டது, தரை இனிமேல்தான் அமரும். இரண்டையும் ஒட்டிவிட்டால் விரிசல் விழும், அதன் வழியே தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்குப் போகும். அரை அங்குல தெர்மாகோலைச் சுவரோரமாக நிறுத்திவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். பிறகு அதன் மேல்பகுதியைச் சுரண்டி எடுத்து, பாலியூரிதேன் சீலன்ட் அடைத்தால் போதும்.

4. கூரையும் சுவரும் சேரும் இடம்

கலர் ரூஃபிங் ஷீட் 0.5 மி.மீ. தடிமன், நாலு அடிக்கு ஒரு பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பு), ரப்பர் வாஷர் போட்ட ஸ்க்ரூ. வீட்டுப் பக்கம் 9¾ அடி உயரம், வெளிப்பக்கம் 8½ அடி. இது எல்லோரும் சரியாகச் செய்வதுதான்.

அப்புறம் வருகிறது சுவரோரம். ஷீட்டைச் சுவர் வரை கொண்டுபோய் இடைவெளியில் சிலிக்கான் பூசிவிட்டுப் போவார்கள். 18 அடி நீளத் தகரம் 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டால் பூச்சு பிய்ந்துவிடும், அடுத்த மழையில் சுவர் ஓதம் காக்கும்.

சரியான வழி இரண்டு துண்டுத் தகடு. ஷீட் சுவருக்கு ஒரு அங்குலம் முன்பே நிற்கட்டும். முதல் தகடு ஷீட்டின் மேல் படிந்து, சுவரை ஒட்டி ஆறு அங்குலம் எழும்ப வேண்டும். அதைச் சுவரில் அடிக்கக் கூடாது. அதற்கு மேலே, கட்டிங் மெஷினால் சுவரில் ஒரு அங்குல ஆழக் காடி வெட்டி, இரண்டாவது தகட்டின் விளிம்பைச் செருகி, பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். இந்தத் தகடு முதல் தகட்டின் மேல் பாவாடைபோலத் தொங்கும். இரண்டையும் ஒட்டாமல் விடுங்கள். ஷெட் தன் போக்கில் அசையும், தண்ணீரும் உள்ளே வராது.

200 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 470 லிட்டர் தண்ணீர். கூரையின் தாழ்ந்த ஓரத்தில் தண்ணீரைப் பிடிக்கும் கட்டர் வைத்து பைப் மூலம் மழைநீர்க் குழிக்கு விடுங்கள். ஷெட் தரையைக் கழுவும் தண்ணீரை மட்டும் அங்கே விடாதீர்கள், அதில் எண்ணெய் இருக்கும்.

5. உள்கதவு

புதிதாகச் சுவரை உடைக்கும் முன், அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றடி அகல ஜன்னல், அதன் லிண்டல் (மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டை) ஏழடி உயரத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. லிண்டலைத் தொடாமல், ஜன்னலுக்குக் கீழே உள்ள செங்கலை மட்டும் எடுத்தால் கதவுக்கான வழி வந்துவிடும். ஜன்னல் இல்லாத சுவர் என்றால், உடைப்பதற்கு முன்னால் லிண்டல் வைத்தாக வேண்டும், அதை ஒரு பொறியாளர் பார்க்காமல் செய்ய வேண்டாம். வீட்டின் தூண், பீம் பக்கமே போகக் கூடாது.

கதவு தானாக மூடிக்கொள்ளும்படி குளோசர் போடுங்கள், அடியில் ரப்பர் பட்டியும் வேண்டும். இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, வீட்டுக்குள் வந்தாலும் தெரியாது. முன்னால் ஷட்டர் போட்டு மூடுகிறீர்கள் என்றால் மேலும் கீழும் காற்றுவழி வைக்காமல் விடவே கூடாது.

6. மின்சாரம்

இன்று பெட்ரோல் கார் இருந்தாலும், மின்சாரக் காருக்குத் தனி லைன் இழுக்க ஒரு பைப்பை இப்போதே பதித்துவிடுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் 31 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குத் தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல எர்த் வேண்டும். மின்வாரியத்தில் உங்கள் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்றும் பாருங்கள். வயர் நுழையும் ஓட்டைகளைக் கலவையால் அடையுங்கள். எலி வந்தால் கார் வயரையும் கடிக்கும், வீட்டுக்குள்ளும் போகும்.

7. மழைக்கு முன் சோதனை

பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஹோஸ் பைப்பால் அரை மணி நேரம் தண்ணீர் விடுங்கள். இன்னொருவர் வீட்டுக்குள் சுவரைத் தடவிப் பார்க்கட்டும். ஈரம் தெரிந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, காடியின் ஒரு முனையிலிருந்து இரண்டிரண்டு அடியாக மறுபடி விட்டுப் பாருங்கள், ஒழுகும் இடம் அகப்பட்டுவிடும். வெல்டருக்கும் கொத்தனாருக்கும் கடைசித் தவணையை இந்தச் சோதனைக்குப் பிறகு கொடுங்கள்.