எலும்பாக்கச் செல்களில் அழற்சி: கடிகாரத்தைப் பார்க்காமல் செய்யும் தவறுகள்

எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களை வெறும் கொத்தனார்களாக நினைப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களான டிஎன்எஃப்-ஆல்ஃபாவோ (சுருக்கமாக டிஎன்எஃப்) இன்டர்லூக்கின்-1 பீட்டாவோ வந்து சேர்ந்தால், இந்தச் செல்களே இன்டர்லூக்கின்-6, காக்ஸ்-2 போன்ற அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்களை வளர்க்கும் ரேங்க்-எல் புரதத்தைத் தருபவையும் இவைதான், அதற்குக் கடிவாளமான ஓபிஜி என்ற புரதத்தைச் சுரப்பவையும் இவைதான். ரேங்க்-எல் கூடியது என்று மட்டும் எழுதி ஓபிஜியை அளக்காமல் விட்டால், பாதிக் கதைதான் கிடைக்கும்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது நேரத்தில். அழற்சி மரபணுக்களை இயக்கும் புரதமான என்எஃப்-கப்பா-பி, அமைதியான செல்லில் ஐ-கப்பா-பி என்ற காவல் புரதத்தின் பிடியில் உட்கருவுக்கு வெளியே கிடக்கிறது. டிஎன்எஃப் பட்ட சில நிமிடங்களில் காவல் சிதைகிறது. என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. அழகு என்னவென்றால், அது இயக்கும் மரபணுக்களில் ஐ-கப்பா-பி-ஆல்ஃபாவும் ஒன்று! புதிதாகப் பிறந்த காவல் உள்ளே சென்று என்எஃப்-கப்பா-பியைப் பிடித்து வெளியே இழுத்துவருகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை அறியாமல் 24 மணி நேரம் கழித்து ஒரே ஒரு மாதிரியை எடுத்துவிட்டு, "இந்தச் சமிக்ஞைப் பாதைக்குப் பங்கில்லை" என்று முடிவெழுதுவது வேதனை தருகிறது. 5, 15, 30, 60 நிமிடங்களில், சமிக்ஞை பாய்வதைக் காட்டும் அடையாளமாகப் புரதங்களில் பாஸ்பேட் ஏறுவதைப் பாருங்கள். ஆர்என்ஏவை மணிக்கணக்கில் தொடருங்கள்.

மரபணுவின் நகலான தூது ஆர்என்ஏ கூடினால் மரபணு வேகமாக எழுதப்படுகிறது என்று கொள்வதும் அவசரம்தான். பி38 என்ற இன்னொரு சமிக்ஞைப் பாதை, இன்டர்லூக்கின்-6, காக்ஸ்-2 ஆகியவற்றின் தூது ஆர்என்ஏ சிதையாமல் காக்கிறது. உற்பத்தி கூடியதா, ஆயுள் கூடியதா என்று பிரித்தறிய, ஆக்டினோமைசின்-டி கொண்டு புதிய ஆர்என்ஏ உருவாவதை நிறுத்திவிட்டு, இருப்பது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அளக்க வேண்டும்.

பி38ஐத் தடுக்கும் எஸ்பி203580 என்ற வேதிப்பொருள் வேறு சில கைனேஸ்களையும் (பாஸ்பேட் ஏற்றும் நொதிகளையும்) தொடும். ஆகவே ஒரே தடுப்பானை நம்பாமல், மரபணு ஒடுக்கம் போன்ற இன்னொரு வழியிலும் உறுதிசெய்யுங்கள். கரைப்பானை மட்டும் சேர்த்த கட்டுப்பாட்டுக் குழுவும் தேவை. செல்களைத் தூண்டச் சேர்க்கும் புரதம் ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்தது என்றால், அதன் நச்சு எண்டோடாக்சின் ஒட்டியிருந்து, அதுவே அழற்சியைத் தூண்டலாம். புரதத்தைக் கொதிக்க வைத்த பின்னும் விளைவு குறையவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்: வெப்பம் புரதத்தைக் குலைக்கும், எண்டோடாக்சின் தாங்கிக்கொள்ளும். சோதனைக்கூடத்தில் வளர்க்கும் செல் வகைகளில் எம்ஜி-63 மனித எலும்புப் புற்றுநோயிலிருந்து வந்தது, எம்சி3டி3-இ1 எலியின் மண்டையோட்டிலிருந்து வந்தது. ஒன்றின் முடிவை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, அழற்சி என்றாலே கேடு என்ற முன்முடிவு. காக்ஸ்-2 மரபணு இல்லாத எலிகளில் எலும்பு முறிவு ஆறத் தாமதமாகிறது. டிஎன்எஃப் ஏற்பிகள் இல்லாத எலிகளிலும் அப்படித்தான். முறிவின் தொடக்கத்தில் எழுந்து சில நாட்களில் அடங்கும் டிஎன்எஃப், எலும்பு ஒன்றுசேர உதவுகிறது. முடக்குவாதத்தில் மாதக்கணக்கில் நீடிக்கும் அதே டிஎன்எஃப், எலும்பாக்கத்தின் தலைமைப் புரதமான ரன்எக்ஸ்-2ஐக் குறைத்து எலும்பைத் தேய்க்கிறது. ஒரு மருந்து இன்டர்லூக்கின்-6ஐக் குறைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன், அதே மருந்தோடு செல்களை மூன்று வாரம் வளர்த்து, கால்சியம் படிகிறதா என்று அலிசரின் ரெட் சாயமிட்டுப் பாருங்கள்.