நிலக்கரி கோர்ல கேஸ் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சைட்டுக்குப் புதுசா வந்த ரெண்டு பசங்க, கோர் (துளை போட்டு வெளிய எடுக்கற நிலக்கரி உருளை) மேல வந்ததும் நல்லா கழுவி, ஸ்கேல் வெச்சு, போட்டோ எடுத்துட்டு நின்னாங்க. முதல் வருஷம் நான் பண்ணினதும் அதேதான். லேபிள் ஒட்டுங்க, வால்வை மூடுங்கங்கறதெல்லாம் இங்க சொல்லப்போறதில்ல.

நேரம் எழுதாம விடறது

இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வர்ற தப்பு இதுதான். நிலக்கரியில மீத்தேன் நுண்துளைச் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், அழுத்தம் குறைஞ்ச உடனே கழண்டு வெளிய வர ஆரம்பிச்சிடும். அப்பதான் வந்த கோர்கிட்ட குனிஞ்சு கேட்டா பொரியற மாதிரி சத்தம் வரும், ஈரமான மேற்பரப்புல பொடிப்பொடியா குமிழ் விடும். அந்தக் குமிழ் அத்தனையும் உங்க கணக்குல சேராம போற கேஸ்.

கோரை அடைச்சு கேஸ் அளக்கற மூடின டப்பாதான் கேனிஸ்டர். அதுல அடைக்கறதுக்குள்ள போனதை லாஸ்ட் கேஸ்னு சொல்றோம். அதை நேரா அளக்க வழியில்ல, ஆரம்ப ரீடிங்கை நேரத்தோட வர்க்கமூலத்துக்கு எதிரா கிராஃப் போட்டு கோட்டைப் பின்னாடி நீட்டித்தான் எடுக்கணும், பூஜ்ய நேரம், அதாவது கேஸ் வெளியேற ஆரம்பிச்ச நேரம், தெரியலன்னா எதுவரைக்கும் நீட்டறது? தண்ணி விட்டுத் துளைச்சா கோர் பாதி ஆழம் ஏறின நேரம்தான் பூஜ்யம், காத்து விட்டுத் துளைச்சா அந்தப் பாறையை வெட்டின நேரம்.

என் முதல் சைட்ல, பழைய சுரங்கத்துக்குக் கீழ இருந்த ஒரு சீம், அதாவது நிலக்கரி அடுக்கு. கழுவி, படம் எடுத்து, லாக் எழுதி அடைக்க அரைமணி ஆச்சு, நேரத்தை அப்புறமா ஞாபகத்துலேர்ந்து போட்டேன். கேஸ் கம்மியா வந்துச்சு. சுரங்கம் ஏற்கனவே கேஸை இழுத்துடுச்சுன்னு ரிப்போர்ட் எழுதினேன், நியாயமா பட்டதால யாரும் கேள்வி கேக்கல. பக்கத்துல இன்னொரு போர் போட்டு ஒழுங்கா அளந்தப்பதான் கேஸ் போகவே இல்லன்னு தெரிஞ்சுது. நம்ம தாமதமும் சுரங்கம் உறிஞ்சினதும் டேட்டாவுல ஒரே மாதிரிதான் தெரியும். அந்த நம்பரை வெச்சுத்தான் மேல இருக்கற வீடுகளுக்குள்ள கேஸ் ஏறுமான்னு சொல்றோம், மீத்தேன் காத்துல 5 சதவீதத்துலேர்ந்து 15 சதவீதம் வரைக்கும் வெடிக்கும்.

கோரைத் தூக்க ஆரம்பிச்சது, மேல வந்தது, அடைச்சது, இந்த மூணு நேரத்தையும், காத்து விட்டுத் துளைச்சா வெட்டின நேரத்தையும், ட்ரில்லர் பக்கத்துலயே ஒருத்தர் நின்னு எழுதட்டும். போட்டோ, வர்ணனை எல்லாம் கேஸ் முழுக்க வந்து முடிஞ்சப்புறம்.

கேனிஸ்டருக்குள்ள காத்தை விட்டு வைக்கறது

நிலக்கரி ஆக்சிஜனை இழுத்துக்கும், நைட்ரஜன் மட்டும் மிஞ்சும், அது சீம்ல இருந்து வந்ததுன்னு எழுதிடுவாங்க. ஹீலியம் விட்டுக் காத்தை வெளியேத்துங்க.

ரூம் டெம்பரேச்சர்ல வைக்கறது

வேண்டாம். சீமோட சூடு எவ்வளவோ, கேனிஸ்டரை வைக்கற தண்ணித் தொட்டியும் (வாட்டர் பாத்) அவ்வளவுல இருக்கணும்.

ஹைட்ரஜன் வந்துச்சுன்னு உடனே சந்தோஷப்படறது

பிரான்ஸ்ல லொரைன் நிலக்கரிப் பகுதியில ஃபோல்ஷ்வில்லர் கிணத்துல ஹைட்ரஜன் இருக்கறது 2023-ல வெளிய தெரிஞ்சதுலேர்ந்து எல்லாரும் அதைத் தேடறாங்க, தேடவேண்டியதுதான். ஆனா சூடேறின ட்ரில் பிட்டும் ஹைட்ரஜன் உண்டாக்கும், துருப்பிடிக்கற இரும்பு கேனிஸ்டரும் உண்டாக்கும். கோர் போடாம வெறும் தண்ணி மட்டும் ஊத்தின ஒரு கேனிஸ்டரைப் பக்கத்துலயே வெச்சு, அதையும் அதே நாள்ல அளந்துட்டு வாங்க.