சினிமாவுக்கு வெளியே பாடுகிறவர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி: பெங்களூர்த் தமிழர்களுக்கு

முதல் வேலை, கணக்கைச் சுத்தம் செய்வது. அல்சூரிலோ விவேக்நகரிலோ ஒரு வீட்டில் ஒரே ஸ்பாட்டிஃபை கணக்கில் காலையில் சுப்ரபாதம், பகலில் பிள்ளைகளுக்கு ரைம்ஸ், ராத்திரி இளையராஜா என்று ஓடினால், செயலி உங்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் இந்த மூன்றின் அவியலாகத்தான் இருக்கும். பக்திப் பாட்டு, குழந்தைப் பாட்டு பிளேலிஸ்ட்டுகளின் மூன்று புள்ளியைத் தொட்டு, உங்கள் ரசனையைச் செயலி குறித்துவைக்கும் 'டேஸ்ட் ப்ரொஃபைலில்' சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விருந்தினர் பாட்டுப் போடும்போது, அமைப்புகளில் உள்ள 'பிரைவேட் செஷ'னைப் போட்டுவிட்டால் போதும். நாலைந்து வாரம் பொறுங்கள். செயலியே தொகுத்துத் தரும் பட்டியல்களில், திங்கள்கிழமை வரும் 'டிஸ்கவர் வீக்லி'யிலும் வெள்ளிக்கிழமை வரும் 'ரிலீஸ் ரேடா'ரிலும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

ஆனால் செயலியை மட்டும் நம்பினால் தூரம் போக முடியாது. உண்மையான புதையல் இருப்பது, பாட்டில் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லும் கிரெடிட்ஸில். சினிமாவுக்கு வெளியே கலைஞர்கள் தாங்களே வெளியிடும் 'இண்டி' பாட்டுகளில் பிடித்த ஒன்றை எடுத்து, யூடியூபில் அதன் கீழே உள்ள விவரத்தை முழுசாக விரித்துப் படியுங்கள். பாடியவர் பெயரைத் தாண்டி வாருங்கள். டிரம்ஸ் யார், பேஸ் யார், மிக்ஸிங் யார், எந்த ஸ்டூடியோ என்று நான்கு பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கைக்காசு போட்டுப் பாட்டு செய்கிறவர்கள் தெரிந்த சிலரிடமே திரும்பத் திரும்பப் போவார்கள். அதனால் ஒரு மிக்ஸிங் எஞ்சினியரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தால், அவர் கைபட்ட பத்துப் பேர் வரிசையாக நிற்பார்கள். இசையமைப்பாளர் டென்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் போனால் பாடகர் கபேர் வாசுகியோடு சேர்ந்த குரங்கன் இசைக்குழு. மறு பக்கம் போனால் பா. இரஞ்சித்தின் முயற்சியில் 2018இல் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு. அங்கிருந்து ராப் பாடும் அறிவு, கானா பாடும் இசைவாணி. இவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். இதே நூலைப் பெயர் தெரியாதவர்களிடமும் பிடித்துப் போகலாம்.

தேடலில் பலர் தடுக்கி விழுவது எழுத்துக்கூட்டில். 'மழை' என்ற தலைப்பை ஒருவர் ஆங்கில எழுத்தில் இசட்-ஹெச் போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் வெறும் எல், மூன்றாமவர் வெறும் இசட். சிலர் தமிழிலேயே எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு சொல்லையும் குறைந்தது மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள். ஒற்றை மெய், இரட்டை மெய் இரண்டையும் சேர்த்து. இதற்கு ஐந்து நிமிடம் போகும், ஆனால் ஒரு முறை தேடிவிட்டு 'இல்லை' என்று விட்டவர்களுக்குக் கிடைக்காதது கிடைக்கும்.

கடந்த ஒரு வருடத்துப் பாட்டுகள் மட்டும் வேண்டுமென்றால், ஸ்பாட்டிஃபை தேடல் கட்டத்தில் 'இயர்' (year) என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி (:), பிறகு இடைவெளி விடாமல் வருடத்தைப் போடுங்கள். அதேபோல 'டேக்', முக்காற்புள்ளி, 'ஹிப்ஸ்டர்' (tag:hipster) என்று போட்டால் அதிகம் பேர் கேட்காத ஆல்பங்கள் மேலே வரும். இடைவெளி விட்டால் வேலை செய்யாது.

நேரில் கேட்பதற்குப் பெங்களூரைப் போல வசதியான ஊர் குறைவு. தோம்லூரில் பெங்களூர் இண்டர்நேஷனல் சென்டர், ஜே.பி. நகரில் இண்டியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் அருங்காட்சியகம், இந்திராநகர், கோரமங்களா பக்கத்து சின்ன மேடைகள் எல்லாவற்றின் நிகழ்ச்சிப் பட்டியலையும் மாதத் தொடக்கத்தில் ஒருமுறை பாருங்கள். போஸ்டரில் பெரிய எழுத்தில் இருப்பவரை விடுங்கள். கீழே பொடி எழுத்தில் இருக்கும், அவருக்கு முன்னால் பாடப்போகும் 'ஓப்பனிங்' பெயருக்காகப் போங்கள். டிராஃபிக்கை நம்பாமல் மெட்ரோ பிடித்து, குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே உள்ளே இருங்கள். தாமதமாகப் போனால் நீங்கள் இழப்பது அந்த முதல் நாற்பது நிமிடத்தைத்தான். மேடையில் பாடுவது கன்னடமா மலையாளமா என்று பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். கிதாரோ டிரம்ஸோ வாசிப்பவர் அடுத்த வாரம் ஒரு தமிழ்ப் பாடகருக்கு வாசிக்கலாம்.

ஓடும் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் செயலி, மேடைப் பாட்டைப் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. அது பதிவான ஒலியோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும்; நேரில் பாடும்போது வேகமும் சுருதியும் மாறிவிடும், வெளியாகாத பாட்டென்றால் ஒப்பிடவே ஒன்றும் இருக்காது. கேட்ட இரண்டு வரியை உடனே போனில் எழுதிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஒயர் சுருட்டிக்கொண்டிருப்பவரிடம் பேர் கேளுங்கள்.

புதுப் பெயர் கிடைத்ததும் ஒரே பாட்டில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதிகம் கேட்கப்பட்டது, கடைசியாக வந்தது, முதன்முதலில் வந்தது, இந்த மூன்றையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாதியில் நிறுத்துவதானாலும் 30 நொடி தாண்டவிடுங்கள். அதற்குக் குறைந்தால் ஸ்பாட்டிஃபை கணக்கில் எடுக்காது. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்கு அங்கே காசும் கிடையாது. சின்னக் கலைஞருக்கு உங்கள் ஒவ்வொரு கேட்பும் கணக்கு.

ஒரு கலைஞரின் பக்கத்தில் சம்பந்தமில்லாத மொழியும் பாணியும் கலந்திருந்தால், ஒரே பெயருடைய இருவரின் பாட்டுகள் கலந்துவிட்டிருக்கலாம். கிரெடிட்ஸே இல்லை, மாதத்துக்கு மூன்று ஆல்பம், ஒரு மேடை வீடியோகூட இல்லை என்றால், இயந்திரம் உருவாக்கிய பாட்டா என்று சந்தேகப்படுங்கள்.

பிடித்த பாட்டு ஒருநாள் காணாமல் போகும். பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் சில விநியோகச் சேவைகளுக்குக் கலைஞர் ஆண்டுச் சந்தா கட்டத் தவறினால் பாட்டு எல்லாத் தளத்திலிருந்தும் இறங்கிவிடும். அதனால் கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இருந்தால் வாங்கி, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் எடுப்பது 15 சதவீதம். 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' என்று அறிவிக்கும் வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. கார்டு நிராகரிக்கப்பட்டால் பதற வேண்டாம், வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு மறுபடி முயலுங்கள். பணம் கட்டும்போது கலைஞருக்கு நாலு வரி எழுத இடம் இருக்கும். எந்த வரி பிடித்தது என்று எழுதுங்கள். கூட வாசித்தவர்களில் வேறு யாரைக் கேட்கலாம் என்றும் கேளுங்கள்.