சுண்டெலிக் குட்டியின் நரம்பிலும் தோலிலும் எதிர்ப்பொருளைத் தேடும் முறை

நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு (நரம்பு செல்களை வளர்த்துக் காக்கும் புரதத்துக்கு) எதிரான சீரத்தைப் பச்சிளம் சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசிவழிச் செலுத்தினால் அவற்றின் பரிவு நரம்புத்திரள்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன என்பதை ரீட்டா லெவி-மொண்டால்சினியும் பார்பரா புக்கரும் 1960-இல் காட்டினர். அந்தக் காரணி தோலிலும் சுரப்பதால், அந்தச் சீரத்தில் உள்ள எதிர்ப்பொருள் (காரணியைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) நரம்புவரை சென்றதா, தோலிலேயே காரணியைப் பிடித்து நிறுத்தியதா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. அந்தக் காரணிக்கு எதிராக முயலில் உருவாக்கிய, ஐஜிஜி (IgG) வகையைச் சேர்ந்த எதிர்ப்பொருளைக் கொண்டு அதை ஆராயும் வழியைப் பார்ப்போம்.

விலங்கு ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி கிடைத்தபின், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பிரிவுக்கு ஆய்வுக்குரிய எதிர்ப்பொருளையும், அடுத்ததற்கு எந்த இலக்கும் இல்லாத சாதாரண முயல் ஐஜிஜியை அதே அளவிலும் செலுத்துங்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் வேண்டாம்.

அடுத்த படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குட்டியை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தி, இதயத்தின் இடக் கீழறை வழியாக உப்புக் கரைசலைச் செலுத்தி, ஈரல் வெளிறும்வரை இரத்தத்தை வெளியேற்றிய பிறகே திசுவை நிலைப்படுத்தும் 4% பாராஃபார்மால்டிஹைடைச் செலுத்த வேண்டும். தொடக்கக் காலத்தில் நான் இரத்தத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டு, தோலில் பச்சையாக ஒளிர்ந்த மெல்லிய கோடுகளை நரம்பிழைகள் என்று நம்பி ஒரு வாரம் மகிழ்ந்திருந்தேன். அவை எதிர்ப்பொருள் தேங்கிய இரத்த நுண்குழாய்கள்.

பிறகு சயாட்டிக் நரம்பு (பின்னங்காலுக்குச் செல்லும் பெருநரம்பு), முதுகுவேர் நரம்புத்திரள் (தண்டுவடத்தை ஒட்டிய உணர்வு நரம்பு செல்களின் திரள்), பாதத்தோல் ஆகியவற்றை எடுத்து, 30% சுக்ரோஸ் கரைசலில் அவை அடியில் அமிழும்வரை வைத்திருந்து, உறையவைத்து, கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவைச் சீவும் கருவியில்) 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிப்பில் சீவுங்கள்.

தேட வேண்டிய எதிர்ப்பொருள் திசுவில் ஏற்கெனவே இருப்பதால், கண்ட இடத்தில் ஒட்டாதபடி ஆட்டுச் சீரத்தால் சீவலைத் தடுப்புச் செய்தபின், முயல் ஐஜிஜியை அடையாளம் காணும் ஒளிர் ஆட்டு எதிர்ப்பொருளை மட்டும் இட்டால் போதும். குட்டிகள் தாய்ப்பாலிலிருந்து தாயின் ஐஜிஜியைக் குடல் வழியே உறிஞ்சிக்கொள்வதால், ஒளிர் எதிர்ப்பொருளில் சுண்டெலிப் புரதங்களோடு ஒட்டக்கூடிய பகுதி முன்பே நீக்கப்பட்ட வகையையே வாங்குங்கள்.

நுண்ணோக்கியில் முதலில் ஊசி போடாத குட்டியின் சீவலைப் பாருங்கள்; கொலாஜனும் மயிரும் தாமாகவே ஒளிர்வதால், அந்த ஒளியளவே உங்கள் அடிக்கோடு. முதுகுவேர் நரம்புத்திரளின் நுண்குழாய்கள் பெரும்புரதங்களையும் கசியவிடுவதால், அங்கே செல்களுக்கு இடையே ஒளி எளிதில் தென்படும். சயாட்டிக் நரம்பிலோ வெளியுறையில் ஒளி மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருக்கலாம். ஆனால் இரத்த-நரம்புத் தடுப்பு (இரத்தத்திலிருந்து பொருள்கள் நரம்புக்குள் கசியாமல் காக்கும் அரண்) முதிராத பச்சிளம் குட்டியில் உள்ளேயும் கசிவு கூடுதலாக இருக்கும் என்பதால், குட்டியின் வயதை நாள் கணக்கில் குறித்துவையுங்கள். தோலில், இரத்தக்குழாய்கள் உள்ள உள்தோலையும் அவை இல்லாத மேல்தோலையும் தனித்தனியே அளவிடுங்கள். ஐஜிஜி ஏறத்தாழ 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு. திசுவில் மெதுவாகவே பரவும். ஆகவே ஊசி போட்ட சில மணி நேரத்திலும் மறுநாளும் எடுத்த சீவல்களை ஒரே ஒளி அமைப்பில் படமெடுத்து, சாதாரண ஐஜிஜி பெற்ற குட்டியின் படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு ஒளி இருந்தால் அது வெறும் கசிவு, ஆய்வு எதிர்ப்பொருளில் மட்டும் கூடுதலாக இருந்தால்தான் இலக்கோடு பிணைந்ததாகக் கருதலாம்.