கல்லூரிக் கூடைப்பந்து அணி: சீசனுக்கு முந்தைய எட்டு வாரம்

முழுநேரக் கோச் இல்லாத, சிமென்ட் கோர்ட்டில் ஆடும் கல்லூரி அணிகளுக்காக இதை எழுதுகிறேன். பி.டி. சார் இருப்பார். ஆனால் வாலிபால், கபடி, தடகளம் எல்லாம் அவர் தலையில்தான். அன்றாடப் பயிற்சி கேப்டனிடம் வந்து விழும். டிரிபிள், பாஸ், பிவட் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இன்டர் காலேஜ் தேதி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாறும். அதை பி.டி. சாரிடம் கேட்டு, காலண்டரில் எட்டு வாரம் பின்னால் போங்கள். நடுவில் வரும் இன்டர்னல் தேர்வு வாரங்களைச் சிவப்பில் அடித்துவிடுங்கள். அந்த வாரங்களில் ஃப்ரீ த்ரோ மட்டும் போதும். அதற்கு மேல் யாரும் வரமாட்டார்கள், கோபப்பட்டும் பயனில்லை.

2. பந்தைத் தொடும் முன் கோர்ட்டை அளங்கள்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. பழைய கோர்ட்டுகள் பலவற்றில் மூன்று புள்ளிக் கோடு இன்னும் 6.25 மீட்டரில்தான் இருக்கிறது. 2010இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா அதை 6.75 ஆக்கியது. ரிங்குக்குக் கீழே இருந்த சரிவகக் கட்டமும் அப்போதுதான் செவ்வகமானது. உங்கள் கோர்ட்டில் அந்தக் கட்டம் எண்ட் லைன் (ரிங்குக்குப் பின்னால் இருக்கும் எல்லைக் கோடு) பக்கம் அகன்று, ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் குறுகி இருந்தால், மூன்று புள்ளிக் கோடும் பழசு என்று டேப் எடுக்காமலே சொல்லிவிடலாம்.

அரை மீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். 6.25இலேயே பழகிய கைக்குப் போட்டியில் பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டுப் பட்டு விழும். ஃபார்ம் போய்விட்டது என்று நினைத்துப் பையன் பந்து போடும் முறையை மாற்றிப் பார்க்க ஆரம்பிப்பான். அப்புறம் உள்ளதும் போய்விடும்.

புதுக் கோடு போடும் முறை இது. ரிங்கில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல் கட்டுங்கள். அவை வெட்டும் புள்ளியிலிருந்து ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். காற்று அடங்கி நட்டு ஆடாமல் நின்றதும், அதற்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறியுங்கள். அதுதான் மையம். கம்பத்தின் அடியிலிருந்தோ போர்டிலிருந்தோ அளக்கவே கூடாது. சரியான கோர்ட்டில் இந்த மையம் எண்ட் லைனின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டரில் இருக்கும். சாய்ந்த கம்பமாக இருந்தால் கொஞ்சம் தள்ளி வரும். அப்போது நட்டு காட்டும் இடத்தையே நம்புங்கள்.

மையத்திலிருந்து இரு பக்கமும் 6.60 மீட்டரில், எண்ட் லைனுக்குச் செங்குத்தாக நேர்கோடு. அது எண்ட் லைனிலிருந்து உள்ளே 2.99 மீட்டர் வரை போகும். அங்கிருந்து, அதே மையத்தை வைத்து, 6.75 மீட்டர் ஆரத்தில் வளைவு. நைலான் கயிறு வேண்டாம், இழுக்க இழுக்க நீளும், வளைவு பாம்பு மாதிரி வரும். ஃபைபர் டேப் நல்லது. கிடைக்காவிட்டால் எலக்ட்ரிக் வயர். 6.75 என்பது கோட்டின் வெளிவிளிம்பு வரை, 5 செ.மீ. அகலம் உள்பக்கமாகப் போகும். எனாமல் பெயின்ட் மழையில் வழுக்கும், ரோடு மார்க்கிங் பெயின்ட்தான் என் விருப்பம்.

அப்படியே ரிங்கின் உயரத்தையும் பாருங்கள்: தரையிலிருந்து மேல்விளிம்பு வரை 3.05 மீட்டர். பழைய தரைமேல் புதிதாக சிமென்ட் பூசியிருந்தால் ரிங் அந்த அளவுக்குத் தாழ்ந்திருக்கும்.

3. முதல் இரண்டு வாரம்: கால்

விடுமுறை முழுக்கத் தூங்கிவிட்டு வந்தவர்களை முதல் நாளே சூசைட் ஓடவைக்கும் சீனியர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. சூசைட் என்பது கோடு தொட்டுத் திரும்பும் ஓட்டம்: எண்ட் லைனிலிருந்து ஃப்ரீ த்ரோ கோடு, பாதிக் கோடு, எதிர் ஃப்ரீ த்ரோ கோடு, எதிர் எண்ட் லைன் என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் திரும்பினால் ஒரு சுற்று 140 மீட்டர். தூரம் பெரிதில்லை. ஆனால் அதற்குள் ஏழு முறை சட்டென்று நின்று திரும்ப வேண்டும், அதுவும் சிமென்ட்டில். பத்து நாளில் பாதி அணி முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதனால் முதல் இரண்டு வாரம் ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் மண் தரையில், ஒருநாள் விட்டு ஒருநாள். சிமென்ட்டில் பந்துப் பயிற்சி மட்டும்: இரண்டு கையாலும் லே-அப் (ஓடிவந்து ரிங்குக்கு அருகில் போடுவது), பாஸ், டிஃபென்ஸ் ஸ்லைடு (குனிந்தபடி பக்கவாட்டில் நகர்வது). சூசைட் மூன்றாம் வாரத்திலிருந்து, மூன்று சுற்றில் தொடங்கி மெல்ல ஏற்றலாம். தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், ஆனால் கணுக்கால் பிசகுவது குறையும்.

எலும்பில் விரல் வைத்தால் ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, ராத்திரி ஓய்விலும் வலித்தாலோ, ஸ்ப்ரே அடித்து ஆடவிடாதீர்கள். எலும்பில் விரிசலாக இருக்கலாம், டாக்டரிடம் அனுப்புங்கள்.

4. பந்து

ஆண்களுக்கு 7ஆம் சைஸ், பெண்களுக்கு 6ஆம் சைஸ். சிமென்ட்டுக்கு ரப்பர் பந்து. நிவியா, காஸ்கோ எதுவானாலும் சரி. காம்போசிட் (செயற்கைத் தோல்) பந்தைச் சிமென்ட்டில் தட்டினால் மேலிருக்கும் புள்ளிகள் சீக்கிரமே தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். இரண்டு மட்டும் வாங்கிப் பூட்டி வையுங்கள், கடைசி இரண்டு வாரம் எடுங்கள். காற்று சரிதானா என்று பார்க்க 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். பந்தின் உச்சி 1.2 முதல் 1.4 மீட்டர் வரை எழும்ப வேண்டும். பம்ப் ஊசியை நனைக்காமல் குத்துகிறவரிடம் பம்ப்பைக் கொடுக்காதீர்கள்.

5. ஆட்டம்

நான்காம் வாரத்திலிருந்து தடுப்பாட்டத்தில் ஒரு மேன்-டு-மேன் (ஆளுக்கு ஆள் காப்பது), ஒரு 2-3 ஸோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று இடத்தைக் காப்பது), அவ்வளவுதான். யூடியூபில் பார்த்த ஏழு செட் பிளேயை (முன்கூட்டியே வகுத்த நகர்வுகளை) யாரும் போட்டியில் ஞாபகம் வைத்திருக்கப் போவதில்லை. அந்த நேரத்தை பாக்ஸ் அவுட்டுக்குக் கொடுங்கள். அதாவது, ஷாட் எழும்பியதும் பந்தைப் பார்க்காமல் எதிராளியைத் தேடி, அவனை முதுகால் மறித்து நிற்க வேண்டும். பந்தை வேடிக்கை பார்க்கும் பழக்கம் போகவே இரண்டு வாரம் ஆகும்.

நம் கோர்ட்டில் ஷாட் கிளாக் (ஷாட் போடுவதற்கான 24 நொடியைக் காட்டும் கடிகாரம்) இருக்காது, போட்டியில் இருக்கலாம். ஒரு ஜூனியர் கையில் போனைக் கொடுத்து, 24 நொடியில் கடைசி ஐந்தைச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எதிரணி ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை நம் ஆளே பிடித்தால் 14 நொடிதான், அதையும் அவனுக்குச் சொல்லிவையுங்கள். ஃப்ரீ த்ரோவைப் பயிற்சி முடிவில், மூச்சு வாங்கும்போது, இரண்டிரண்டாகப் போடவேண்டும். ஒரே இடத்தில் நின்று ஐம்பது போடுவது வேறு ஆட்டம்.

6. காகிதம்

தகுதிப் படிவம், மதிப்பெண் சான்றிதழ் நகல், போட்டோ, ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம். ஐந்தாம் வாரமே கேட்டு வாங்குங்கள். யாராவது ஒருவருடைய அசல் சான்றிதழ் ஊரில் இருக்கும்.

பின்சேர்க்கை: "எங்கள் கோர்ட் 14 மீட்டர் அகலம்தான், என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார்கள். 6.60இல் நேர்கோடு போட்டால் சைடு லைனுக்கு 40 செ.மீ.தான் மிஞ்சும். கால் வைக்க இடமில்லை. வளைவை மட்டும் போடுங்கள், கார்னர் ஷாட்டை அகலமான வேறு கோர்ட் கிடைக்கும் நாளில் பழகலாம்.

இன்னொன்று, ஐப்பசி மழை. பாசி பிடித்த கோர்ட்டில் பிளீச்சிங் பவுடர் தூவி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே இறங்குங்கள். தேங்கிய தண்ணீரைச் சாக்கால் ஒற்றி எடுக்கலாம். அதுவரை வராண்டாவில் டிஃபென்ஸ் ஸ்லைடும், நடந்தபடியே ஸோன் மாறுவதும் பழகலாம். பந்து மட்டும் வேண்டாம், பக்கத்து வகுப்பிலிருந்து பேராசிரியர் வெளியே வந்துவிடுவார்.