ஆங்கிள் பிரேஸ் போட்டால் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது? சுவரில் அளந்து பாருங்கள்

வாலிபாலில் பிளாக் போட்டு இறங்கும்போது எதிரணிக்காரர் பாதத்தின் மேல் கால் வைத்துவிட்டேன். கணுக்கால் உள்பக்கம் பிசகி ஆறு வாரம் போனது. திரும்ப ஆட வந்தபோது லேஸ் வைத்த பிரேஸ் (கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் உறை) ஒன்று வாங்கி, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இறுக்கினேன். கணுக்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்தே நாளில் முட்டி வலிக்க ஆரம்பித்தது.

பாதத்தை மேலும் கீழும் அசைப்பது ஒரு மூட்டு. அதற்குக் கீழே, குதிகால் எலும்போடு சேரும் இன்னொன்று பக்கவாட்டில் திருப்புகிறது. சுளுக்கு பெரும்பாலும் பாதம் உள்பக்கம் புரளும்போதுதான். பிரேஸ் தடுக்க வேண்டியதும் அதைத்தான். மேல்-கீழ் அசைவையும் சேர்த்துப் பூட்டினால், குதித்து இறங்கும்போது கணுக்கால் மடங்கி வாங்க வேண்டிய அதிர்ச்சி முட்டிக்கு ஏறுகிறது.

படி 1: பிரேஸ் இல்லாமல் அளப்பது
சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற கடைசி தூரம் வரை பாதத்தைப் பின்னால் நகர்த்தி, கட்டைவிரலுக்கும் சுவருக்கும் இடைவெளியை ஸ்கேலில் பாருங்கள். எனக்கு 11 செ.மீ.

படி 2: கட்டுவது
நான் சொதப்பியது இங்கேதான். கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டபடி கட்டினேன். தொங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அப்படியே இறுக்கிவிட்டு எழுந்து நின்றால் முன்பக்கம் துணி மடிந்து குத்தும். முட்டியை மடக்கி, பாதத்தைத் தரையில் தட்டையாக ஊன்றி, குதிகாலைப் பின்னால் நன்றாகத் தள்ளிய பிறகு லேஸைத் தொடுங்கள். கீழ் ஓட்டைகளில் இறுக்கம், மேல் இரண்டில் ஒரு விரல் நுழையும் தளர்வு. அப்புறம் பட்டைகள்: பாதத்தின் அடியில் சுற்றி வெளிப்பக்கமாக மேலே ஏறும் பட்டையைத்தான் பலமாக இழுக்க வேண்டும். புரளாமல் பிடிப்பது அதுதான்.

படி 3: பிரேஸோடு மறுபடி சுவர்
முன்பு கட்டிய விதத்தில் 7 செ.மீ.தான் வந்தது. மாற்றிக் கட்டியதும் 10. முட்டி வலிக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் வரவில்லை.

எதை வாங்கலாம்? சாக்ஸ் மாதிரி இழுத்து மாட்டும் எலாஸ்டிக் கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். டேப் எனக்கு ஆகாது: அரை மணி ஆட்டத்தில் பிடி தளரும், பிரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும். நிறையக் குதிப்பவர்களுக்கு இருபுறமும் கீல் வைத்த பிளாஸ்டிக் பிரேஸ் நல்லது, மேல்-கீழ் அசைவை விட்டுவிடும். ஷூ மட்டும் அகலமாக வேண்டும்.

அடிபட்டவுடன் நாலடி நடக்க முடியவில்லை, கணுக்கால் எலும்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் இதெல்லாம் வேண்டாம், முதலில் எக்ஸ்ரே.

பின்சேர்க்கை: பிரேஸ் போட்டாலே போதுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், லேஸ் பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பட்ட காயத்தின் கடுமை மட்டும் குறையவில்லை. அதனால் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியை நான் விடவில்லை.

இன்னொருவருக்கு பிரேஸ் இல்லாமலும் போட்டும் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாகவே வந்ததாம். அவருக்குத் தெரியாமலே குதிகால் எழுந்திருக்கிறது. அடியில் ஒரு தாளை வைத்து யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த அளவு செல்லாது.