பாக்கெட்டை உடைக்கும் முன்: போகிமான் கார்டு ஆட்டம் பழகுகிறவர்களுக்கு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் சாலையோரக் கடைகளில் பொம்மைத் துப்பாக்கிக்கும் பலூனுக்கும் நடுவே தங்க நிறப் போகிமான் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். போன வருடம் ஓண விடுமுறைக்குப் புனலூரிலிருந்து வந்த என் அக்கா மகன் அதில் ஒன்றை ஐம்பது ரூபாய்க்கு வாங்கினான். ஆட்டோ செங்கோட்டை வந்து சேர்வதற்குள் பிரித்தும்விட்டான். வீட்டுக்கு வந்து கார்டுகளைத் திண்ணையில் பரப்பிவிட்டு, "மாமா, இதை எப்படி விளையாடுவது?" என்று கேட்டான்.

புரட்டிப் பார்த்தேன். பத்தும் போலி. அசலாகவே இருந்திருந்தாலும் அந்தப் பத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்க முடியாது. புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். முதலில் பாக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள், ஆட்டத்தைப் பிறகு தேடுகிறார்கள். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன்.

முதலில், இது என்ன ஆட்டம்?

ரம்மிக்கு வீட்டில் இருக்கும் சீட்டுக்கட்டு போதும். அதே சீட்டுகள்தான் எல்லாருக்கும். விதிகள் நம் தலையில் இருக்கும். போகிமான் என்பவை சண்டையிடும் கற்பனை உயிரினங்கள். அவற்றின் கார்டுகளை வைத்து இருவர் ஆடும் இந்த ஆட்டத்தில் ஆளுக்கொரு கட்டு. அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஆடுகிறவரே தீர்மானித்து வீட்டிலிருந்து கொண்டுவருகிறார். எந்தக் கார்டு என்ன செய்யும் என்பது அந்தக் கார்டிலேயே அச்சாகியிருக்கும்.

என் அப்பா கேரளத்து ஆரியங்காவில் வேலை பார்த்த காலத்தில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர். ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று கணக்கு அவருக்கு மனப்பாடம். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தவர், "சரி, இதில் துருப்பு எது?" என்றார். துருப்பு என்று தனியாக எதுவும் கிடையாது, நெருப்பை நீர் வெல்லும் என்பதுபோல பெரும்பாலான போகிமான் கார்டுகளுக்கு ஒரு பலவீனம் உண்டு என்று சொன்னேன். நம்பிக்கை வராத முகத்தோடு எழுந்து போனார். ஆனால் மறுநாளும் வந்து உட்கார்ந்தார்.

யார் அச்சிடுகிறார்கள்?

எந்த ஆட்டத்துக்குள் நுழைகிறோமோ அந்தக் கம்பெனியின் கையில் நம் பணத்தைக் கொடுக்கப்போகிறோம். அதனால் ஆளைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வகை ஆட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1993இல் வந்த மேஜிக்: த கேதரிங். அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்தில் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற சின்னக் கம்பெனியைப் பீட்டர் அட்கிசன் நடத்திக்கொண்டிருந்தார். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் வேறொரு பலகை ஆட்டத்தோடு அவரிடம் வந்தார். அதைத் தயாரிக்கச் செலவு அதிகம். கையில் எடுத்துப்போய்க் கொஞ்ச நேரத்தில் ஆடி முடிக்கக்கூடியதாக ஏதாவது செய்ய முடியுமா என்று அட்கிசன் கேட்க, அந்தக் கேள்வியிலிருந்துதான் மேஜிக் பிறந்தது. முதல் பதிப்பில் சுமார் 26 லட்சம் கார்டுகள் அச்சிட்டார்கள். அதுவும் சீக்கிரமே தீர்ந்துபோனது. 1999இல் ஹாஸ்ப்ரோ அந்தக் கம்பெனியை வாங்கியது.

போகிமான் கார்டுகள் ஜப்பானில் 1996இல் வந்தன. 1999இல் அவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டதும் அதே விசர்ட்ஸ்தான். 2003இல் போகிமான் தரப்பே அந்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பழைய கார்டின் அடியில் உள்ள பொடி எழுத்தில் விசர்ட்ஸ் பெயர் இருந்தால் அது அந்த நான்கு வருடச் சரக்கு. பரணில் யாராவது போட்டுவைத்திருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மூன்றாவது பெரிய ஆட்டம் கொனாமியின் யூ-கி-ஓ. கசுகி தகஹாஷி வரைந்த படக்கதையிலிருந்து வந்தது. அந்தக் கதைக்குள் பாத்திரங்கள் ஆடும் சீட்டாட்டத்துக்கு அவர் முதலில் வைத்த பெயர் 'மேஜிக் அண்ட் விசர்ட்ஸ்'. யாருக்கு வணக்கம் வைத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. அண்மையில் பண்டாய் 2022இல் ஒன் பீஸ் ஆட்டத்தையும், ராவன்ஸ்பர்கர் 2023இல் டிஸ்னி லொர்கானாவையும் கொண்டுவந்தன.

தொடக்கத்துக்கு எது? பத்து வயதுக்காரர் வீட்டில் இருந்தால் போகிமான். கல்லூரி வயதில், வாசிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மேஜிக். யூ-கி-ஓவின் புதிய கார்டுகளில் எறும்பு எழுத்தில் பத்தி பத்தியாக இருக்கும். என் கண்ணுக்கு ஒத்துவரவில்லை. இனி வருவதெல்லாம் போகிமான்தான்.

வாங்குவது

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பூஸ்டர் பாக்கெட். மற்றது, 60 கார்டுகளோடு ஆடுவதற்குத் தயாராகக் கட்டிவைத்த பெட்டி. அதன் மேல் 'பேட்டில் டெக்' என்றிருக்கும். எந்தக் கார்டுகள் உள்ளே என்பது முன்பே தெரிந்த விஷயம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இல் தடை வந்தது. கேரள அரசோ 1967 முதல் தானே நடத்துகிறது. கேரள எல்லையில் உள்ள புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய்ச் சீட்டு வாங்கி, சட்டைப் பையில் மடித்துவைத்துக்கொண்டு திரும்புகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். பூஸ்டர் பாக்கெட் அந்த ரகம். பிரிக்கிற நொடியில் ஒரு கிளுகிளுப்பு, பிறகு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் கார்டுகள்.

ஆகவே வேறு வேறு வகையில் இரண்டு தயார் கட்டுகளை வாங்குங்கள். உங்களுக்கு ஒன்று, எதிரில் உட்காருகிறவருக்கு ஒன்று. பாக்கெட் ஆசையை இருபது ஆட்டம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

கார்டை முதலீடாக நினைத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். 1995இல் மேஜிக்கின் பழைய அபூர்வக் கார்டுகள் பலவற்றை விசர்ட்ஸ் மறுபதிப்பாக வெளியிட்டது. சேகரித்து வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். மறு வருடமே, இன்னின்ன கார்டுகளை இனி அச்சிட மாட்டோம் என்று கம்பெனி ஒரு பட்டியல் போட்டு வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அச்சு இயந்திரம் யாரிடம் இருக்கிறதோ விலையின் கடிவாளமும் அவரிடம்தான். இப்போதைக்கு ஆடுவதற்கு மட்டும் வாங்குங்கள்.

போலியைப் பிடிப்பது

குற்றாலத்துப் பத்துக் கார்டுகளையும் ஓர் அசல் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பையனையே கண்டுபிடிக்கச் சொன்னேன். முதலில் அவன் கவனித்தது தொட்டால் தெரியும் வித்தியாசம். போலி வழவழவென்று, மருந்துக்கடை நாள்காட்டி அட்டைபோல இருந்தது. அடுத்து, பின்பக்கத்து நீலம் வெளிறி ஊதாவை நெருங்கியிருந்தது. போகிமான் என்ற ஆங்கிலப் பெயரில் வரும் 'இ' எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோடு இருக்க வேண்டும். போலியில் அதைக் காணோம்.

பிறகு கைபேசி டார்ச்சைக் கார்டின் பின்னால் பிடித்தோம். அசல் கார்டின் தாளுக்கு நடுவே கருமையான ஒரு படலம் இருப்பதால் வெளிச்சம் மங்கித் தெரிந்தது. போலியில் பாயாசத் துணியில் வடிவதுபோல வெளிச்சம் தாராளமாக வந்தது. அசலிலும் தங்க நிறக் கார்டுகள் உண்டு, ஆனால் அபூர்வம். ஒரே பாக்கெட்டில் பத்துக்குப் பத்தும் பொன்னாக மின்னினால் டார்ச்கூடத் தேவையில்லை.

பரப்புவது

பாயில் ஆடுங்கள். சிமெண்டுத் தரையில் கார்டின் ஓரம் தேயும். பூவா தலையா போட்டு யார் முதலில் என்று முடிவு செய்யுங்கள். கட்டைக் கலைத்து ஆளுக்கு 7 கார்டு எடுக்க வேண்டும். அதில் 'பேசிக்' என்று அச்சிட்ட போகிமான் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையில் உள்ள ஏழு கார்டுகளையும் எதிராளிக்குக் காட்டிவிட்டு, மறுபடி கலைத்து 7 எடுங்கள். அப்படி ஒவ்வொரு முறை நேரும்போதும் எதிராளி விரும்பினால் ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம்.

ஒரு பேசிக் போகிமானை முன்னால் கவிழ்த்து வையுங்கள். சண்டை போடப்போவது அதுதான். அதற்குப் பின்வரிசையில் 5 வரை வைக்கலாம், அது பெஞ்ச். பிறகு கட்டின் மேலிருந்து 6 கார்டுகளைப் பார்க்காமலே எடுத்து ஓரமாகக் கவிழ்த்து வையுங்கள். இவை பரிசுக் கார்டுகள். எல்லாம் ஆனதும் போகிமான்களை நிமிர்த்திவிட்டு ஆரம்பிக்கலாம்.

அடி விழுந்ததைக் குறிக்கப் பெட்டியில் அட்டை வில்லைகள் தருவார்கள், இரண்டே நாளில் தொலைந்துபோகும். நாங்கள் புளியங்கொட்டை வைத்துக்கொள்கிறோம். ஒரு கொட்டைக்கு 10 புள்ளி அடி.

ஒரு முறை ஆடுவது

உங்கள் முறை வந்ததும் கட்டிலிருந்து ஒரு கார்டு எடுங்கள். பிறகு இவற்றை எந்த வரிசையிலும் செய்யலாம்: பெஞ்சில் புதிய பேசிக் வைப்பது, முந்தைய முறையிலேயே களத்துக்கு வந்த போகிமானின் மேல் அதன் அடுத்த வளர்ச்சி நிலைக் கார்டை வைப்பது, ஐட்டம் என்ற உதவிக் கார்டுகளை எத்தனை வேண்டுமானாலும் போடுவது. போகிமானுக்குத் தாக்கும் சக்தி தரும் எனர்ஜி கார்டை மட்டும் ஒரு முறைக்கு ஒன்றுதான் அதில் சேர்க்கலாம். சப்போர்ட்டர் என்ற இன்னொரு வகை உதவிக் கார்டும் ஒன்றுதான். முன்னால் நிற்பது களைத்துவிட்டால் அதன் அடியில் எழுதிய அளவு எனர்ஜியைக் கழற்றிப்போட்டு, பெஞ்சில் இருப்பதை முன்னால் கொண்டுவரலாம். அதுவும் ஒரு முறைக்கு ஒரு தடவை.

கடைசியில் தாக்குதல். தாக்கினால் உங்கள் முறை முடிந்தது. முதலில் ஆடுகிறவர் தன் முதல் முறையில் தாக்கவும் முடியாது, சப்போர்ட்டர் போடவும் முடியாது. முதல் முறையில் இருவருமே வளர்ச்சி வைக்கக் கூடாது.

எங்கள் வீட்டு ஆட்டம் ஒன்று. பையன் முன்னால் 100 உயிர்ப்புள்ளி (அவ்வளவு அடி விழுந்தால் வீழும்) உள்ள நெருப்பு வகை. என்னிடம் நீர் வகை, தாக்குதல் பலம் 60. அவனுடைய கார்டின் அடியில் பலவீனம் என்ற இடத்தில் நீர்த்துளிப் படமும் பக்கத்தில் ×2 என்ற குறியும் இருந்தன. 60 இரண்டால் பெருகி 120. பன்னிரண்டு கொட்டைகளை எண்ணி வைக்கும்போதே அவன் முகம் வாடியது. அவன் போகிமான் வீழ்ந்தது. அதுவும் அதில் சேர்த்திருந்த எனர்ஜியும் அவனுடைய கழிவுக் குவியலுக்குப் போயின. நான் ஒரு பரிசுக் கார்டு எடுத்தேன்.

அடுத்து அவன் என்னுடையதை வீழ்த்தியதும் என் பரிசுக் கார்டுகள்மீது கை வைத்தான். எல்லாரும் செய்யும் தவறு இது. வீழ்த்தியவர் எடுக்க வேண்டியது தன்னுடைய ஆறிலிருந்து. பெயரின் பின்னால் 'இஎக்ஸ்' என்றிருக்கும் பெரிய போகிமான் வீழ்ந்தால் பெரும்பாலும் இரண்டு எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுத்தவர் வென்றார். எதிராளியின் களத்தில் ஒரு போகிமானும் மிஞ்சாவிட்டாலும், தன் முறையின் தொடக்கத்தில் எடுக்க அவர் கட்டில் கார்டு இல்லாமல் போனாலும் வெற்றிதான்.

அப்பாவின் ஏற்பாட்டில், எங்கள் வீட்டில் தோற்றவர் காதில் குணுக்கு (தொங்கும் காதணி) மாட்டிக்கொள்ள வேண்டும். அது இருபத்தெட்டிலிருந்து கடன் வாங்கிய தண்டனை, போகிமான் விதிப்புத்தகத்தில் தேடாதீர்கள்.

சொந்தக் கட்டு கட்டுவது

இருபது ஆட்டத்துக்குப் பிறகு தயார் கட்டில் எது உதவுகிறது, எது கையில் சும்மா தூங்குகிறது என்று தெரிந்திருக்கும். அப்போது மாற்றத் தொடங்கலாம். கட்டில் சரியாக 60 இருக்க வேண்டும். ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது, அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் விலக்கு.

புதியவர்கள் பிடித்ததெல்லாம் ஒன்றொன்று என்று அறுபது வகையைத் திணிப்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு கார்டு ஒரே பிரதிதான் இருந்தால் முதல் 7இல் அது வர வாய்ப்பு 60இல் 7, நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் குறைவு. நான்கு பிரதிகள் இருந்தால் அதுவே சுமார் 40. அதேபோல் பேசிக் போகிமான்கள் 10 மட்டுமே இருந்தால் நான்கு ஆட்டத்துக்கு ஒன்று வீதம் முதல் கையில் ஒன்றுகூட வராது. 14 வரை வைத்துக்கொண்டால் நிம்மதி. எனர்ஜி 12இலிருந்து 15, மீதமெல்லாம் டிரெய்னர் கார்டுகள் (ஐட்டம், சப்போர்ட்டர் முதலான உதவிக் கார்டுகள்) என்று தொடங்கிப் பாருங்கள். தேவையான கார்டைத் தனியாக விற்பவர்களிடம் வாங்குவதே சிக்கனம். ஒரு கார்டுக்காகப் பாக்கெட்டுகளை உடைத்துக்கொண்டே போனால் கணக்குக் கட்டாது.

பாதுகாப்பது

மலையோரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இது முக்கியம். சாரல் மாதங்களில் மினுக்குக் கார்டுகள் பொரிக்கப்போட்ட அப்பளம்போல வளையும். பின்னால் உள்ள தாள் ஈரத்தை இழுத்து விரியும், மேலே உள்ள பளபளப்புப் படலம் விரியாது. அதனால்தான் இந்த வளைவு. வெயிலில் வைத்துக் காயவைக்காதீர்கள், நிறம் போய்விடும். அயர்ன் பாக்ஸ் யோசனை சொல்லுகிறவர்களிடம் கார்டைக் கொடுக்காதீர்கள்.

போகிமான், மேஜிக் கார்டுகளின் அளவு 63 × 88 மில்லிமீட்டர். யூ-கி-ஓ கொஞ்சம் சிறியது, 59 × 86. அளவு பார்த்து உறை வாங்குங்கள், அறுபதுக்கும் ஒரே நிறத்தில். உறையிட்ட கட்டை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடுங்கள். ஆனியில் சாரல் தொடங்கும்போது ஒரு தடவையும், ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவையும் பொட்டலத்தை மாற்றினால் போதும். சமையலறை அலமாரியிலும், வெளிச்சுவரை ஒட்டிய பீரோவிலும் டப்பாவை வைக்க வேண்டாம்.